வடிகாலுக்குக் கண்ணீர் அஞ்சலி

கிழக்குத் தாம்பரத்தில் அந்த வார்டின் தெருக் குறைகளைப் பேசும் ஏரியா சபைக் கூட்டத்துக்கு மூன்றே பேர் வந்திருந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் தபீதாள் டீச்சர், அவர் கணவர் தேவானந்தம், அப்புறம் டீக்கடைக்காரர். கடைக்காரரும் கிளாஸைத் திரும்ப வாங்கிப் போவதற்காகத்தான் உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். ஜனநாயகத்தை வருஷாவருஷம் ஐந்து மார்க் கேள்வியாகச் சொல்லிக்கொடுத்தவர். கூட்டம் நடப்பதை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். அது காலை வணக்க ரோஜாக்களுக்கும் கொய்யா இலைக் கஷாயத்துக்கும் அடியில் புதைந்து போனது. மின்கம்பங்களில் நோட்டீஸ் ஒட்டினார். விடிவதற்குள் அதன்மேல் மூலம், பவுத்திரம் விளம்பரம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மனம் நொந்து வீடு திரும்பும்போது தெருமுனையில் ஒரு கும்பல் அண்ணாந்து நின்றது. யாரோ ஒரு பெரியவருக்குக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ். தோற்றம், மறைவு, மகன்கள், மருமகன்கள் என்று கடைசி வரிவரை ஒருவரும் விடாமல் படித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரும் படித்தார். பிறகு நேராக எத்திராஜின் பிளெக்ஸ் கடைக்குப் போனார்.

"போட்டோ இல்லாம அஞ்சலி போட்டா ஜனம் நம்பாது டீச்சர். ஆளு யாரு?"

"ஆள் இல்ல எத்திராஜ். நம்ம தெரு மழைநீர் வடிகால்."

எத்திராஜ் அவரையே பார்த்தார். "நல்லாத்தான கீறீங்க?" என்று கேட்டுவிட்டு மவுஸைப் பிடித்தார்.

செடி முளைத்த வடிகாலின் படம், சுற்றிலும் மாலை. 'மண்ணடைத்து மறைந்த எங்கள் வடிகாலுக்குக் கண்ணீர் அஞ்சலி. இரங்கல் கூட்டம் ஞாயிறு காலை, சமுதாயக் கூடம்.' ஏரியா சபை என்பது அடியில் சின்ன எழுத்தில் இருந்தது.

ஞாயிறன்று கூடம் நிறைந்து வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். பாதிப் பேர் கிண்டலை ரசிக்க வந்தவர்கள். மீதிப் பேர் அரைகுறையாகப் படித்துவிட்டு நிஜமாகவே துக்கம் கேட்க வந்தவர்கள். மீன் விற்கும் அங்காளம்மாள் கையில் மாலை இருந்தது.

"செத்தது யாரு டீச்சர்?"

"தெருக் கால்வாய், அக்கா."

"அது செத்து ரொம்ப நாளாச்சே. இப்பத்தான் சொல்லி அனுப்புறீங்களா?"

அப்போது கவுன்சிலர் சம்பத் வந்து இறங்கினார். சாவு வீடுகளுக்குப் போய்ப் பழகிய மனிதர். அங்காளம்மாளின் மாலையை வாங்கி, படத்தைப் பார்க்காமலே போட்டார், கைகூப்பினார், மைக்கைப் பிடித்தார். "அன்னாரின் மறைவு இந்த வார்டுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு. அவர் விட்டுச்சென்ற பணியை நான் தொடர்வேன்."

கூடமே சிரித்தது. சம்பத் திரும்பிப் படத்தைப் பார்த்தார். அதற்குள் கேள்விகள் கிளம்பிவிட்டன. தூர் வாரியது எப்போது, காண்டிராக்ட் யாருக்கு, போன மழையில் எங்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீருக்கு யார் பதில் சொல்வது? வகுப்பறையில் இத்தனை கைகள் உயர்ந்து டீச்சர் பார்த்ததே இல்லை.

அந்த வாரமே மண் அள்ளும் வண்டி வந்தது. அதற்கும் முன்னால் 'கேட்டதும் கொடுத்த அண்ணன் சம்பத்துக்கு நன்றி' பிளெக்ஸ் வந்தது. வண்டி பாதித் தெருவோடு நின்றது. பிளெக்ஸ் மட்டும் கடைசி வீடு வரைக்கும் கட்டப்பட்டது.

கூடையை வாசலில் இறக்கிய அங்காளம்மாள் கேட்டாள்: "பதினாறாம் நாள் காரியம் எப்ப டீச்சர்?"

டீச்சர் வீட்டில் அப்படியொரு வழக்கம் கிடையாது. இருந்தாலும் பாதியில் நின்ற வண்டியை நினைத்துக்கொண்டார்.

"வர்ற ஞாயிறு. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்கக்கா."

"சொல்றேன். சாப்பாடு கீதா?"

டீச்சர் தயங்கினார். "இருக்கு" என்றார்.

தேவானந்தம் பெரிய பாத்திரத்தைத் தேட உள்ளே போனார்.