ப்ளீச்சிங் வாடை

பால் நிலையத்தில் அவளை எல்லோரும் மூக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கேன் மூடியைத் திறந்ததும் குனிந்து ஒரு இழுப்பு. மாடு வெங்காயத்தாள் தின்றதா, நேற்றுப் பாலைக் கலந்தார்களா எல்லாம் சோதனைக் கருவிக்கு முன்பே சொல்லிவிடுவாள்.

ஊரடங்கில் டீக்கடை, ஓட்டல் எல்லாம் மூடிய பிறகு நாற்பது வீட்டுப் பாலுக்கும் அந்த நிலையம்தான் போக்கிடம். அதையும் மூடப் பார்த்த மேலாளரிடம் நான்கு நாள் போனில் மல்லுக்கட்டி அவள்தான் ஒப்புக்கொள்ள வைத்தாள். அவர் இரண்டு நிபந்தனை போட்டார். கேனை ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். நிலையத்திலோ பால் ஊற்றுகிற வீட்டிலோ ஒருவருக்கு நோய் என்றாலும் நிலையத்துக்குப் பூட்டு.

மூன்றாவது வாரம் தம்பியின் கேனைத் திறந்தவள் முகத்தைச் சுளித்தாள். குப்பென்று ப்ளீச்சிங் வாடை.

"மூணு தடவை அலசச் சொன்னேன்ல? புத்தி எங்கடா போச்சு?"

"தம்பின்னாலும் விடாது போலிருக்கே மூக்கம்மா" என்று வரிசையில் நின்ற எருமைக்காரர் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. கேனைத் தூக்கி இரண்டு எட்டு வைத்துவிட்டு இறக்கினான். அவள் ஓடிப்போய் மறு கைப்பிடியைப் பிடித்தாள்.

"நீ வராதக்கா. நான் பாத்துக்கறேன்."

பாலைத் திருப்பியதில் கோபம் என்று நினைத்துக்கொண்டு விடாமல் கூடவே நடந்தாள். அவன் விரல் பட்டபோது சுட்டது. சுமை தூக்கிய சூடு என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. இருவருமாகப் பாலைக் கால்வாயில் கவிழ்த்தார்கள்.

மறுநாளிலிருந்து கேனைத் தம்பி மனைவி கொண்டுவந்தாள். அவருக்கு வயலில் வேலை என்றாள்.

ஐந்தாம் நாள் காலை. முதல் கேனில் அவளுக்கு எந்த வாசனையும் வரவில்லை. இரண்டாவதிலும் இல்லை. உள்ளே போய் ப்ளீச்சிங் டப்பாவைத் திறந்து முகத்தை அதற்குள் நீட்டினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூக்கு மட்டும் கல்லாகக் கிடந்தது. தம்பி அலச மறக்கவில்லை, தன் நோய் பாலில் ஒட்டிவிடுமோ என்று அலசப் பயந்திருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது.

வெளியே சுண்ணாம்பு வட்டங்களில் ஆட்கள் காத்திருந்தார்கள். கருவியை மட்டும் வைத்து ஓட்டினால் யாருக்கும் தெரியாது. வாசலுக்குப் போகாமல் போனை எடுத்தாள்.

"எனக்கு வாசனை தெரியலைங்க."

மேலாளர் ஜலதோஷமாக இருக்கும் என்றார்.

"இல்லைங்க. என் தம்பி வீட்டுக்கு உடனே ஆள் அனுப்புங்க."

பதினைந்து நாள் பூட்டு. நாற்பது வீட்டுப் பாலும் காலையும் மாலையும் கால்வாயில் போயிற்று. அவள் அடைபட்டிருந்த அறையின் ஜன்னல் வழியே கால்வாய் வளைவு வரைக்கும் வெள்ளையாகத் தெரிந்தது. ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் தம்பி இறந்துபோனான். முகம்கூடப் பார்க்கவில்லை. தம்பி மனைவி போனில் அழுது ஓய்ந்து, "யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு அண்ணி" என்றாள். "அக்கா போராடித் திறந்து வச்சது, நம்மளால மூடக்கூடாதுன்னாரு."

நிலையம் திறந்த பிறகு யாரும் அவளுக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. எருமைக்காரர் இரண்டு கன்றுகளை விற்றிருந்தார். அவளை மூக்கம்மா என்று கேலி பேச ஆளில்லை. மூக்கும் பாதிதான் திரும்பியிருந்தது.

தம்பி மனைவி கேனை வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். அன்று இருவரும் தூக்கிய அதே கேன்தான், நெளிந்த கைப்பிடியோடு. இவள் மூடியைத் திறந்து குனிந்தாள். ஒன்றும் இல்லை. பாலில் இல்லையா, தன் மூக்குக்குத்தான் எட்டவில்லையா என்று தெரியவில்லை. மறுபடி குனிந்தாள். பிறகு கேனை அடுத்து நின்ற எருமைக்காரர் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க மோந்து பாத்துச் சொல்லுங்க."

அவர் முகக்கவசத்தை இறக்கிவிட்டுக் குனிந்தார்.

"வாடை இல்லை" என்றார், அவளைப் பார்க்காமல். "ஊத்திக்கோ."