பைலட் மொறாயஸின் வாரிசு

கண்ணாடி போட்ட வெறும் படப் பிறேம் ஒன்றை மழைக்கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு நிக்கலஸ் கோயில் அறைவீட்டுப் படியேறியபோது, பாதர் அஞ்சலோ பாணைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஆத்துமாக்கள் திருநாள். பின்னேரம் சேமக்காலையில் நிக்கலஸ் போட்ட புதுக் கல்லறைக் கல்லைப் பாதர் மந்திரிக்க வேண்டும். அதற்குள் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தில் தன் பூட்டனின் தகப்பன் சந்தியாகுவின் பக்கத்தைப் படமெடுத்து, பிறேமுக்குள் போட்டு, வருகிற சனத்துக்குக் காட்ட வேண்டும். இதுதான் நிக்கலஸின் திட்டம். "செத்த ஆக்களோட மாரடிச்சது காணும், உயிரோட இருக்கிற எனக்குக் குசினிக்குள்ள ஒரு பல்பை மாத்தித் தாங்கோ" என்று மனைவி தயாளினி சொல்லிச் சொல்லிக் களைத்து, கடைசியில் தானே கதிரையில் ஏறி மாற்றியும்விட்டாள்.

துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவருக்கு இந்த மூதாதையர் வெறி பிடித்திருந்தது. அரசாங்கக் கச்சேரி, பதிவாளர் கந்தோர், கொழும்பில் சுவடிக்கூடம் என்று ஏறியிறங்கி, மொறாயஸ் என்ற தன் குடும்பப் பெயரை ஆங்கிலேயர் காலம் வரை துரத்திக்கொண்டு போனார். அங்கே சல்வதோர் மொறாயஸ் அகப்பட்டார். உட்துறைமுகத்துக்குள் வரும் கப்பல்களைப் பாறையில் முட்டாமல் கூட்டிவருகிற பைலட். அரசாங்கத்துப் பழைய புத்தகத்தில் அச்சில் இருந்தது பெயர். பிறகு யாரோ தட்டச்சில் அடித்துவைத்த ஞானஸ்நானப் பெயர்ப்பட்டியலில் சந்தியாகுவின் பெயருக்குப் பக்கத்தில் அதே சல்வதோரின் பெயர். ஒருவன் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆம்பிளையின் பெயர் இருந்தால் அது தகப்பனாகத்தானே இருக்கும்? அன்று தொடக்கம் அவருடைய நடையே மாறிவிட்டது. பாண் வாங்கக் கடைக்குப் போனாலும் பைலட்டின் வாரிசாகத்தான் போனார்.

சேமக்காலையில் சல்வதோரின் கல்லறை வெடித்துக் கிடந்தது. ஆனால் யாரும் பார்க்காமல் கிடந்தது என்று சொல்ல முடியாது. சுற்றிவரக் கடல் முருகைக்கல் அடுக்கி, வருசா வருசம் புல் செருக்கி, ஒரு குடும்பம் அங்கே மெழுகுதிரி கொளுத்தி வந்தது. சாம்பல்தீவிலிருந்து வரும் சீலாவும் அவளுடைய புருசனும். கடலுக்குப் போகிற சனம். போன வருசம் இதே நாளில் நிக்கலஸ் தன் கோப்புக் கட்டோடு போய் அவர்களுக்கு முன்னால் நின்றார்.

"இது ஆற்ற கல்லறை எண்டு தெரியுமோ?"

"எங்கட ஆக்கள்ர, ஐயா. அம்மம்மான்ர அம்மம்மா இசபெல்லின்ர தகப்பன் எண்டு சொல்லுவினம்."

"சொல்லுவினம் சரி. ஆதாரம்? ஒரு துண்டுக் கடுதாசி?"

சீலா புருசனைப் பார்த்தாள். "கடுதாசியளெல்லாம் கடல் கொண்டு போயிட்டுது, ஐயா" என்றாள். வீட்டையும் மாமியாரையும் கொண்டுபோன கடல் அது. நிக்கலஸுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, "கடுதாசி இல்லாமல் உரிமை கொண்டாட ஏலாது கண்டியளோ" என்று நீதவான் மாதிரிச் சொல்லிவிட்டு, அடுத்த கிழமையே மேசனைக் கூட்டிவந்து முருகைக்கல்லை எல்லாம் மதிலோரம் அள்ளி எறிவித்து, புதுக் கல்லுக்கு அளவெடுப்பித்தார்.

பாதர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அலுமாரியைத் திறந்தார். புத்தகத்தின் ஓரமெல்லாம் பூச்சி தின்றிருந்தது. லத்தீன் எழுத்தை விரலால் தொடாமல், விரலை மேலே பிடித்தபடி வாசித்தார். வாசித்துவிட்டு ஒருதரம் நிக்கலஸைப் பார்த்தார். மறுபடி வாசித்தார்.

"நிக்கலஸ் அண்ணை, உங்கட சந்தியாகு குழந்தையா ஞானஸ்நானம் எடுக்கேல்ல. வளந்த ஆள். தாய் தகப்பன் பேர் இல்லை. சல்வதோர் மொறாயஸ் வீட்டு வேலையாள் எண்டு போட்டிருக்கு. சல்வதோர் ஞானத்தகப்பன்."

"அப்ப பேர்?"

"அந்தக் காலத்தில இப்பிடி வேதத்துக்கு வந்த ஆக்கள் ஞானத்தகப்பன்ர பேரைத்தான் எடுக்கிறது. நீங்கள் பாத்த பட்டியலில ஞானத்தகப்பன்ர பேரை அடிச்சிருக்கினம் போல."

நிக்கலஸின் வாயில் வந்த முதல் கேள்வி, "இதை வேற ஆரும் பாத்தவையோ?" என்பதுதான். கேட்டு முடிக்கும் முன்பே காது சுட்டது. பாதர் கேட்காதவர் மாதிரி இன்னொரு புத்தகத்தைப் புரட்டினார். கலியாணப் புத்தகம். சல்வதோருக்கு ஒரே பிள்ளை, மகள் என்றிருந்தது. இசபெல். கட்டிக்கொடுத்தது சாம்பல்தீவில்.

"வேலைக்காரன் எண்டதில வெக்கப்பட ஒண்டுமில்லை" என்றார் பாதர். "அந்தச் சீலாவிட்டக் கதைக்கவேண்டிய கதை ஒண்டு இருக்கு. அதை நீங்கள்தான் கதைக்க வேணும்."

வெறும் பிறேமோடு நிக்கலஸ் மழைக்குள் இறங்கினார். டச்பே கடற்கரை வழியே சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார், தெரிந்த முகம் எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. எந்த வெட்கம் பெரிது என்று அவருக்கே விளங்கவில்லை. வேலைக்காரனின் வழி வந்தவன் என்று அறிந்ததா, அதை அறிந்த உடனே மறைக்கப் பார்த்ததா. இரண்டையும் தள்ளிக்கொண்டு "ஒரு துண்டுக் கடுதாசி?" என்ற தன் குரல்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. அந்தச் சந்தியாகு என்ன மனிதனோ. எங்கே பிறந்தானோ, யாருக்குப் பிறந்தானோ. இத்தனை வருசம் அவனைத் தேடுகிறேன் என்று அலைந்தவர், அவனுடைய கல்லறை எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவனைப் பைலட்டுக்குப் போகிற வழியாக மட்டும்தான் வைத்திருந்தார்.

பின்னேரம் மழை தூறலாகக் குறைந்திருந்தது. ஊருக்குள் ஆடுமாடு மாதிரித் திரியும் மான்கள் சேமக்காலைக்குள் புகுந்து புதுப் பூமாலைகளைத் தின்ன, சனம் "சூய்" என்று கலைத்துக்கொண்டிருந்தது. நிக்கலஸ் போட்ட கறுப்புக் கல் மழையில் கழுவுப்பட்டு மினுங்கியது. சல்வதோரின் பெயர் மேலே. கீழே, அதே அளவு எழுத்தில், "பேரப்பிள்ளைகள் சார்பில் நிக்கலஸ் மொறாயஸ்". எழுத்தைக் கொஞ்சம் சிறிதாகப் போடலாமே என்று மேசன் அப்போதே கேட்டவன்.

பாதர் தீர்த்தச் செம்போடு வந்து கல்லுக்கு முன்னால் நின்றார். மந்திரிக்கத் தொடங்கவில்லை. நிக்கலஸைப் பார்த்தபடி நின்றார். பக்கத்தில் நின்ற தயாளினி முழங்கையால் இடித்து, "என்னப்பா, பாதர் பாத்துக்கொண்டு நிக்கிறார். ஏதும் சொல்லுங்கோவன்" என்றாள். சனம் குடைகளோடு நெருங்கி வந்தது. துறைமுகத்தில் கூட வேலை செய்தவர்கள், கோயில் சபைக்காரர், எல்லோரும் தெரிந்த முகங்கள். நிக்கலஸ் வாயைத் திறந்தார். "தொடங்குங்கோ பாதர்" என்றுதான் வந்தது.

பாதர் ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு செபத்தைத் தொடங்கி, தீர்த்தம் தெளித்து, அடுத்த கல்லறைக்குப் போனார். சனமும் தயாளினியும் அவருக்குப் பின்னால் போனார்கள்.

அப்போதுதான் சீலா வந்தாள். மதிலோரம் இவ்வளவு நேரமும் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். கல்லுக்குக் கிட்ட வராமல், தள்ளி நின்று, ஒரு மெழுகுதிரியைக் காட்டினாள்.

"ஐயா, ஒண்டே ஒண்டு. ஓரமா வைக்கட்டோ?"

இது உங்கட கல்லறை, பிள்ளை. நான்தான் கேட்டு நிக்கவேண்டியவன். மனதுக்குள் அத்தனையும் சரியாக, சரியான வரிசையில் இருந்தது. ஆனால் "வையுங்கோ, அதுக்கென்ன" என்று அனுமதி கொடுக்கிற குரலில்தான் வெளியே வந்தது.

"பெரிய உபகாரம், ஐயா" என்றாள் சீலா.

குந்தியிருந்து, முந்தானையால் காற்றை மறைத்துத் திரியைக் கொளுத்தினாள். உதடு அசைந்தது. இசபெல் என்று சொன்னாள் போலிருந்தது. மெழுகுதிரியை நிறுத்தச் சரித்தபோது காற்று அடித்து, உருகிய மெழுகு கல்லில் வழிந்தது. நிக்கலஸ் என்ற எழுத்தின் மேல் வெள்ளையாகப் பரவி உறைந்தது. அவள் பதறிப்போனாள்.

"ஐயோ, புதுக் கல்லு..."

"விடுங்கோ, பிள்ளை" என்றார் நிக்கலஸ். "விடுங்கோ, அது கிடக்கட்டும்."

அவள் விடவில்லை. மழையில் குனிந்து, ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் நகத்தை விட்டு, அவருடைய பெயரைச் சுரண்டித் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள்.