முதல் வீட்டு மூக்கு

எங்கள் சந்தில் மதிலை ஒட்டிய முதல் வீடு எங்களுடையது. மதிலுக்கு அந்தப் பக்கம் நகராட்சிக் குப்பைக் கிடங்கு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் குப்பை மேடு தெரியும். மேட்டின் மேல் லோடர் ஓட்டுகிற என் மகனும் தெரிவான். சாப்பாடு தயார் என்றால் மருமகள் ஜன்னல் வழியாகத் துண்டை ஆட்டுவாள், அவன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வருவான். அவ்வளவு பக்கம்.

அந்தக் கிடங்கைப் பெரிதாக்கி, குப்பையை எரிக்கிற ஆலை ஒன்றும் கட்டப்போவதாக நகராட்சி சொன்னது. கட்டுவதற்கு முன்னால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்று ஒன்று செய்தாக வேண்டுமாம். ஆலை வந்தால் தண்ணீர் என்ன ஆகும், காற்று என்ன ஆகும், பக்கத்தில் குடியிருக்கிற மனுஷன் என்ன ஆவான் என்று ஒரு கம்பெனிக்காரன் பார்த்து எழுதிக் கொடுப்பான். அவனுக்குக் கூலி கொடுப்பதும் நகராட்சிதான். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் யார் கூலி கொடுக்கிறானோ அவன் பக்கம்தான் எழுத்து சாயும் என்று தெரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை.

எங்கள் சந்துக்குத் தலைவர் என்று ஒருவர் உண்டு. எந்த வீட்டில் உட்கார்ந்தாலும் எழுந்திருக்க மாட்டார், அதனால் கோந்து என்று பெயர். அவர் நகராட்சிக்குப் போய் விசாரித்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டார்.

"நாத்தத்தை அளக்கப் போறாங்க பெரியவரே. கிடங்கைச் சுத்தி ஒவ்வொரு பக்கமும் மதிலுக்குக் கிட்ட இருக்கற ஒரே ஒரு வீடு. அந்த வீட்டுல ஒரே ஒரு மூக்கு. பூஜ்யத்துலேருந்து அஞ்சு வரைக்கும் எவ்வளவு நாறுதுன்னு கேப்பாங்க. நாலு, அஞ்சுன்னு சொன்னா இந்தச் சந்து மொத்தமும் பாதிப்புப் பகுதி. எல்லாருக்கும் வேற இடத்துல வீடு குடுத்துட்டுத்தான் ஆலையில கை வைக்கணும்."

"என் மூக்கு செத்துப் பல காலம் ஆச்சு," என்றேன்.

"உங்களது யாருக்கு வேணும்? சிகரெட் பிடிக்கிறவன், சளிக்காரன், கிடங்குல வேலை பாக்கறவன், இவங்களைக் கேக்கவே மாட்டாங்களாம்."

நான் சிகரெட், மருமகளுக்கு வருஷம் முழுக்கச் சளி, மகன் கிடங்கில் வேலை. மிச்சம் இருந்தது பேத்தி மட்டும்தான்.

இருந்த மூக்குகளில் அதுதான் அசல் மூக்கு. கண்ணை மூடிக்கொண்டே, உள்ளே வந்தது மீன் சந்தை லாரியா ஆஸ்பத்திரி லாரியா என்று சொல்லிவிடுவாள். ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டுதான் தூங்குவாள். துணிமணிகளைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டு வைப்பாள். இருந்தும் அவள் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் அவள் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கும். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில், பையனின் அக்கா எங்கள் வாசலிலேயே தன் செருப்பு மேல் வாந்தி எடுத்தாள். இன்னொரு வீட்டுக்காரர்கள் சந்து முனையிலேயே ஆட்டோவைத் திருப்பிக்கொண்டார்கள். அவளுக்கு இந்த மதிலை விட்டுப் போனால் போதும். வீடு கிடைத்துப் போனாலும் சரி, கல்யாணம் ஆகிப் போனாலும் சரி.

"அஞ்சுன்னு சொல்லிடறேன் மாமா," என்று கோந்துவிடம் சொன்னாள். "ஆறு இருந்தா அதையும் சொல்லுவேன்."

இதற்கு நடுவில் ஒரு வரன் தகைந்து வந்தது. பையன் பல் டாக்டரிடம் உதவியாளன். படத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டான், அவன் அம்மா ஒரு தரம் வந்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. ஆனால் டாக்டர் திடீரென்று லீவு விட்டார் என்று வியாழக்கிழமை காலையிலேயே தாயும் மகனும் வந்து நின்றார்கள். நாற்றத்தை அளக்கிறவன் வருவதாகச் சொன்னதும் அதே வியாழக்கிழமைதான்.

எங்கள் வாசலில் கால் வைக்கிற யாரும் முதலில் மூக்கைத் தொடுவார்கள். பையன் தொட்டான். அந்த அம்மாள் தொடவில்லை. அப்போதே எனக்கு எங்கேயோ இடித்தது.

"உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டேன்.

"அவருக்கு உடம்புக்கு முடியல. வெளிய வர்றதில்ல."

மருமகள் தேநீர் கொண்டுவந்து வைத்த நேரத்தில், கழுத்தில் டை கட்டிய ஒரு தம்பி கையில் பெட்டியோடு உள்ளே வந்தான். அவனுக்குப் பின்னால் கோந்து, கோந்துவுக்குப் பின்னால் சந்தில் பாதிப் பேர்.

என் மகன் பேத்தியைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனான். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்னால் போனேன்.

"எது கேட்டாலும் இல்லன்னு சொல்லு," என்றான்.

"அப்பா, சந்துல எல்லாரும்…"

"சந்தா உன்னைக் கட்டிக்கப் போகுது? அந்தம்மா முன்னாடி எங்க வீடு நாறுதுன்னு நீயே சொல்லுவியா?"

மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வீடு இன்னைக்கு இல்லன்னா நாளைக்குக் கிடைக்கும். பையன் கிடைப்பானாடி?" என்றாள்.

பேத்தி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பெட்டிக்காரன் எடுத்த எடுப்பில் எத்தனை மார்க் என்று கேட்கவில்லை. பெட்டிக்குள்ளிருந்து மூன்று சின்ன சீசாக்களை எடுத்து மேஜை மேல் வைத்தான்.

"மொதல்ல மூக்கு சரியா இருக்கான்னு பாக்கணும். அப்புறம்தான் கேள்வி. இதுல என்ன வாசம் வருதுன்னு சொல்லுங்க."

இது கோந்துவுக்கே தெரியாத சங்கதி. முதல் சீசாவைத் திறந்தான். அழுகிய முட்டை. சிகரெட் தின்ற என் மூக்குக்கே லேசாக எட்டியது. கிடங்குக் காற்றைத்தான் பிடித்து அடைத்துக் கொண்டுவந்திருக்கிறான் என்று பேத்தி நினைத்திருக்க வேண்டும்.

"ஒண்ணும் வரல," என்றாள்.

இரண்டாவதில் கிராம்புத் தைலம். முதலில் இல்லை என்றவள் இதற்கு எப்படி ஆமாம் என்பாள்? "இதுலயும் வரல." மூன்றாவதில் வெறும் தண்ணீர். அதற்கும் அதே பதில். அது ஒன்றுதான் நிஜம்.

"சளி பிடிச்சிருக்கா?"

"இல்ல."

"எப்பவுமே இப்படித்தானா?"

அவள் அப்பனைப் பார்த்தாள். அவன், "சின்ன வயசுலேருந்தே அவளுக்கு வாசம் தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டான். இல்லை என்று சொல்லச் சொன்னவன், அதற்கு முட்டுக் கொடுக்கிறேன் என்று மகளின் மூக்கையே அறுத்து மேஜை மேல் வைத்தான்.

பெட்டிக்காரன் சீசாக்களை மூடினான். "அப்ப இந்த வீட்டுல கேக்க முடியாது. ஆள் இல்லன்னு போட்டுக்கறேன்."

"எங்க வீட்டுல கேளுங்க சார், ரெண்டாவது வீடு," என்றார் கோந்து. "நான் சொல்றேன். அஞ்சு."

"ஒரு பக்கத்துக்கு ஒரு வீடுதான் சார். எனக்குச் சொன்னது அதான்."

"சளி இல்லாத பொண்ணுக்கு மூக்கு இல்லையா? ஏம்மா, நேத்துகூட என்கிட்ட…" என்று அவர் ஆரம்பிக்க, என் மகன் எழுந்து போய் அவர் நெஞ்சில் கை வைத்து வாசலுக்குத் தள்ளினான்.

"உன் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்க தலையில குப்பையைக் கொட்டறியேடா," என்று வெளியிலிருந்து சத்தம் கேட்டது. வேறு என்னென்னவோவும் கேட்டது. கதவைச் சாத்தினோம்.

இனி அந்த அம்மாள் எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். மூக்கு இல்லாத பெண்ணை எவள் எடுப்பாள்? ஆனால் அவள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தம்பி, அந்த மொதல் சீசாவைக் கொஞ்சம் குடு."

வாங்கித் திறந்து தான் ஒரு தரம் முகர்ந்தாள். முகம் கோணியது. அதைக் கொண்டுபோய்ப் பேத்தியின் மூக்குக்குக் கீழே பிடித்தாள். பிடித்தவள் எடுக்கவில்லை. துணிக்கடையில் சாயம் போகுமா என்று கசக்கிப் பார்ப்பவள் மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேத்தி அசையவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் கோத்தது.

"கண்ணு கலங்குதே?"

"கூச்சம்," என்றாள் மருமகள்.

அம்மாள் சீசாவை மூடிப் பெட்டிக்காரனிடம் கொடுத்தாள். அவன் போகிறவரை காத்திருந்து பேசினாள்.

"பொய் சொல்லிப் பொண்ணு எடுக்கற ஆளு நான் இல்ல. எங்க வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. கால்ல புண்ணு, ஆறவே மாட்டேங்குது. உள்ள அழுகிக்கிட்டே போகுது. சம்பளத்துக்கு ரெண்டு நர்ஸ் வெச்சேன், ரெண்டு பேரும் நாத்தம் தாங்கலன்னு ஓடிட்டாங்க. பெத்த பிள்ளை இவனே அந்த ரூமுக்குள்ள போறதில்ல. இந்த மாதிரி ஒரு பொண்ணு கிடைக்கும்னு நான் கனவுலகூட நினைக்கல. நகை வேணாம், சாமான் வேணாம். எப்ப வெச்சுக்கலாம் சம்பந்தி?"

பையன் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் மகன் என்னைப் பார்த்தான். நான் பேத்தியின் பின்னால் சமையலறைக்குப் போனேன்.

"இப்பவே சொல்லிடு. எனக்கு எல்லாம் தெரியும், சும்மாதான் சொன்னேன்னு சொல்லு. போனா போறாங்க."

அவள் குழாயைத் திறந்து மூக்கைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு லாரி கொட்டிவிட்டுத் திரும்பியது.

"அங்க ஒரு ரூம்தான் தாத்தா நாறும்," என்றாள்.

கல்யாணம் சீக்கிரமே நடந்தது. சந்திலிருந்து ஒருவரும் வரவில்லை. அதற்கப்புறம் நகராட்சியில் கருத்துக் கேட்கிற கூட்டம் வைத்தார்கள். கோந்து எழுந்து, எங்களால் சோறு தின்ன முடியவில்லை, அப்படி நாறுகிறது என்றார். மேடையிலிருந்த அதிகாரி காகிதத்தைப் புரட்டிவிட்டு, "உங்களுக்கு முன்னாடி இருக்கற முதல் வீட்டுலேருந்தே ஒரு புகாரும் வரல. அவங்களைத் தாண்டி உங்களுக்கு மட்டும் எப்படி சார் நாறுது? நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. கோந்துவின் சொந்த மச்சானே சிரித்தான், நான் பார்த்தேன். சந்து பாதிப்புப் பகுதிக்கு வெளியே என்று முடிவானது. ஆலைக்கு அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்தார்கள். பழைய குப்பையைக் கிளறியதில், இதுவரை நாறியதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. எங்கள் வாசலில் யார் யாரோ குப்பையைக் கொட்டிவிட்டுப் போனார்கள். மகன் லோடரைக் கொண்டுவந்து அள்ளினான்.

மழைக்காலம் வர இருந்த சமயத்தில் பேத்தியைப் பார்க்கப் போனேன்.

நல்ல வீடு. தரையெல்லாம் பளபளவென்று இருந்தது. மாப்பிள்ளை முன்னறையில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கட்டில் அங்கேயே கிடந்தது. பேத்தியின் பாய் எங்கே என்று நான் கேட்காமலே தெரிந்தது. பின்னறைக் கதவைத் திறந்ததும் சம்பந்தியின் கட்டிலுக்குக் கீழே சுருட்டி வைத்திருந்தது. "ராத்திரி கூப்பிட்டா கேக்கணுமில்ல," என்றாள் சம்பந்தியம்மாள். "நாங்க யாராவது அங்க படுக்க முடியுமா? இவளுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே." பேத்தியை வாய் நிறையப் புகழ்ந்தாள். எந்நேரமும் அந்த வாடை அவள் மேலேயே இருப்பதால், தன் மகன்தான் கொஞ்சம் எட்ட இருக்கிறான் என்றும் சொன்னாள்.

நான் சம்பந்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கிடங்கு மதிலடியிலேயே கிழவனானவன் நான். எனக்கே கை தானாக மூக்குக்குப் போனது. மனிதர் மெலிந்து, தலையணையில் பாதி புதைந்து கிடந்தார். கண் மட்டும் துறுதுறுவென்று இருந்தது. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசினார்.

"உங்க பேத்திக்கு மூக்கு நல்லா வேலை செய்யுது."

நான் கட்டிலுக்கு இன்னும் கிட்ட நகர்ந்தேன்.

"உள்ள வர்றதுக்கு முன்னாடி வாசப்படியில நின்னு மூச்சை இழுத்து அடக்கிக்குவா. அது தீர்ந்துச்சுன்னா தண்ணி மாத்தறேன்னு வெளிய ஓடுவா. மறுபடி இழுத்துக்கிட்டு வருவா. மொத நாளே கண்டுபிடிச்சுட்டேன்."

"உங்க வீட்டம்மாகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா இவளைத் துரத்திட்டு இன்னொருத்தியைத் தேடுவா. இன்னொருத்தி எங்க கிடைப்பா? படுத்துக் கிடக்கிறவனுக்குப் பொழுது போக வேணாமா பெரியவரே? சும்மா இருந்து பாருங்க."

பேத்தி வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்தாள். வாசப்படியில் ஒரு கணம் நின்றாள். தோள் ஏறி நின்றது. உள்ளே வந்து மண்டியிட்டுக் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள். கை சுத்தமாக, வேகமாக வேலை செய்தது. மனிதர் கடைசிச் சுற்றுத் துணி பிரிகிறவரை பொறுமையாகக் காத்திருந்தார்.

"ஏம்மா, தாத்தா வந்திருக்காரே, உங்க பக்கம் மழை உண்டான்னு கேட்டியா?"

அவள் தலையை ஆட்டினாள்.

"தலையாட்டினா எனக்குத் தெரியுமா? கண்ணு மங்கலாச்சே. வாயைத் திறந்து சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் அடக்கிய மூச்சை விட்டு வாயைத் திறந்தாள்.

"கேட்டேன் மாமா. மழை இல்லையாம்."

"அப்படியா. வெயில் எப்படியாம்?" என்றார்.