ஏழாவது குச்சி

“குடுத்தனான் ஆன்ட்டி. ஆறுக்குப் பிறகு ஏழு, பிறகு எட்டு. கையில ஒண்டும் மிஞ்சேல்லை.”

“அப்ப ஏழு எங்க, பிருந்தன்? ஐஸ் குச்சின்னு நக்கிட்டுத் தூக்கிப் போட்டுட்டியா?”

ஓடி முடிப்பவர்களுக்கு இட எண் எழுதிய குச்சியைக் கொடுப்பது பிருந்தனின் வேலை. அதைத் திரும்ப வாங்கிப் பெயர் எழுதுவது பத்மாவதி ஆன்ட்டி. ஹென்டர்சன் பூங்காவில், மழை தட்டும் கூடாரத்துக்குள், ஏழு மட்டும் வந்து சேரவில்லை. ஓடப் புறப்பட்டவர்கள் நாற்பத்தொருவர். கடைசியாக வந்தவளிடம் இருந்த குச்சியோ நாற்பத்திரண்டு.

எட்டு வாங்கியவள் நான்.

எங்கள் கல்லூரிக் கூட்டமைப்பில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் புள்ளி உண்டு. நெட்பால், பேட்மின்டன், நீச்சல் என எல்லாவற்றையும் கூட்டித்தான் ஆண்டின் கேடயம். நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. இந்த வருடம் வெஸ்ட்கேட் பக்கத்துக் கல்லூரியோடு சமமாக நின்றோம். மீதி இருந்தது இந்த ஓட்டம் மட்டும். அணியின் முதல் மூவர் பிடித்த இடங்களைக் கூட்டினால், குறைந்த தொகைக்கு வெற்றி.

நாங்கள் எட்டு, ஒன்பது, பத்து: இருபத்தேழு. அவர்கள் ஐந்து, ஆறு, பதினைந்து: இருபத்தாறு.

“ஏழு இல்லையெண்டா பின்னால வந்த எல்லாரும் ஒரு இடம் முன்னுக்கு,” என்றாள் ஒன்பதாவதாக வந்த கஜந்தினி. “எங்களுக்கு இருபத்திநாலு, அவைக்கு இருபத்தைஞ்சு. ஏழை வாங்கிக்கொண்டு போன உன்ர பேய்க்கு நன்றி, பிருந்தன்!”

அவன் சிரிக்கவில்லை. “ஏழை வாங்கின கையை மட்டும்தான் பாத்தனான். சரியான குளிர்க் கை.”

ஆன்ட்டி என் பக்கம் திரும்பினார். “வைஷாலி, உனக்கு முன்னாடி யாராச்சும் ஓடினாங்களா? நீ சொல்றதைத்தான் எழுதப் போறேன்.”

ஓடினாள். எந்தக் கல்லூரியுடையதும் அல்லாத சாம்பல் நிறச் சட்டை. கணுக்கால் புதையும் சேற்றில் அவள் கால்தடமே விழவில்லை. ஓடை தாண்டும்போது நான் வழுக்கி விழுந்தேன். அவள் நின்றாள். நான் எழுந்த பிறகுதான் மறுபடி ஓடினாள்.

“ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லடி,” என்று கஜந்தினி என் கையை நெரித்தாள்.

ஆன்ட்டியின் பேனா தாளின் மேல் காத்திருந்தது. நான் வாயைத் திறந்தேன். அப்போது என் பிடரியில் ஈரமான மூச்சொன்று பட்டது.

“என்னையும் எண்ணச் சொல்லு, வைஷாலி.”