இந்த முகவரியில் இல்லை

பர்ன்லி நகரில் ஜில்லியனுக்கு ஒரு சின்ன வீடு இருந்தது. வங்கிக் கடனில் வாங்கியது. விவாகரத்துக்குப் பிறகு அவளுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். தொலைவில் லாண்டட்னோ ஊரில் இருந்த அப்பா இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதால், ஒரு வருஷம் அங்கே போய்க் கூட இருக்க வேண்டியதாயிற்று. வீட்டு வாடகை வந்தால் தவணை கட்டலாம். வராவிட்டால் வீடு கைவிட்டுப் போய்விடும்.

தான் குடியிருக்க வாங்கிய கடன் என்பதால், வாடகைக்கு விட வங்கி அனுமதிக்க வேண்டும். விண்ணப்பித்தாள். கடிதம் வரும் என்றார்கள். ஆறு வாரம் ஓடிப்போயிற்று. அப்பாவை இனி வைத்துக்கொள்ள முடியாது என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். கடிதம் வராமலா போய்விடும் என்று ஆர்னல்ட் கிரிம்ஷாவைக் குடிவைத்து, அப்பா வீட்டு முகவரியையும் அவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

கிரிம்ஷா முப்பத்தெட்டு வருஷம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். நாய் கிடையாது, சிகரெட் கிடையாது, தங்கமான மனுஷன். வாராவாரம் போனில் கேட்பாள்.

"எனக்கு ஏதாச்சும் லெட்டர் இருக்கா, மிஸ்டர் கிரிம்ஷா?"

"ஒண்ணும் இல்லம்மா."

பிறகு ஒரு திங்கட்கிழமை வங்கியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"மூணு லெட்டர் போட்டோம் மேடம். மூணும் 'இந்த முகவரியில் இல்லை'ன்னு திரும்பி வந்துடுச்சு. கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

"அப்ப அனுமதி?"

"முதல் லெட்டர்லயே குடுத்துட்டோமே. உள்ள இருந்த தாள்ல நீங்க கையெழுத்துப் போட்டு அனுப்பணும். வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா அனுமதி ரத்து. மொத்தக் கடனையும் ஒரேயடியா கட்டச் சொல்லிடுவாங்க."

"இங்க அனுப்புங்களேன், உங்களுக்குப் புண்ணியமா போகும்!"

"அந்த வீட்டுக்குத்தான் அனுப்ப முடியும் மேடம். இன்னிக்கே போட்டுடறேன்."

ஜில்லியன் உடனே கிரிம்ஷாவைப் போனில் பிடித்தாள்.

"திருப்பி அனுப்பினீங்களா?"

"பின்னே? நீ இங்க இல்லையே. இல்லாத ஆளோட லெட்டரை வச்சுக்கறது நல்லாவா இருக்கு? தபாலாபீஸ்ல முகவரி மாத்தற படிவம் குடுத்தியா? குடுக்கல. ஜனங்க யாருமே குடுக்கறதில்ல."

"என் வீடே போகப் போவுதுய்யா!"

அதுவரை அவரை அவள் 'ய்யா' போட்டுப் பேசியதில்லை.

"அடுத்தவங்க லெட்டரை நான் வச்சுக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்று ஜில்லியன் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள்.

வியாழக்கிழமை அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம் கேட்டது. சோப்பு நுரையோடு அவரை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. இறங்கி வந்து பார்த்தால் கதவடியில் ஒரு அட்டை கிடந்தது. 'வந்தோம். யாரும் திறக்கவில்லை. கடிதம் திரும்ப எடுத்துச் செல்லப்படுகிறது.' கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

கொட்டும் மழையில் செருப்போடு ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் தபால்காரர்களின் பழைய சிவப்பு மேல்சட்டையோடு கிரிம்ஷா நின்றுகொண்டிருந்தார்.

"அடையாளம் ஏதாச்சும் இருக்கா?" என்றார்.

"நீங்க இருக்கற வீட்டுக்குச் சொந்தக்காரி நான்!"

"எனக்குத் தெரியும். கேக்கறது முறை."

திரும்ப ஓடி, ஓட்டுநர் உரிமத்தை எடுத்துவந்து நீட்டினாள். அதற்குள் அவருடைய பஸ் வந்து போய்விட்டிருந்தது. அவர் உரிமத்தையும் உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பர்ன்லி முகவரி. சரியா இருக்கு."

"அது என் வீடு," என்றாள் ஜில்லியன்.

"இல்லேன்னு யாரு சொன்னா? லெட்டரைப் பிடி. பேனா இந்தா."

அவர் முதுகைக் காட்டினார். உறையைப் பிரித்து, அதன் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். எதிரிலேயே தபால்பெட்டி இருந்தது. அதை நோக்கி நடந்தவளின் கையைக் கிரிம்ஷா பிடித்து நிறுத்தினார்.

"நாளைக்குள்ள போய்ச் சேரணும்ல?"

"ஆமா."

"அப்ப தபால்லயா போடறது? பைத்தியமா உனக்கு?" என்று தாளை வாங்கி உள்பையில் வைத்துக்கொண்டார். "பேங்க்ல நானே நேர்ல போய்க் குடுத்துடறேன்."