ஆறு மாதம் தள்ளி வந்த வெயில்

ஆம்பூர் சம்பூர்ணத்துக்கு வெயிலும் குளிரும் ஆறு மாதம் தாமதமாகத்தான் வந்து சேரும். வைகாசி வெயில் அவளுக்குக் கார்த்திகையில் உறைக்கும். கார்த்திகை மழையின் குளிர் வைகாசியில் வந்து பல்லைத் தந்தியடிக்க வைக்கும். பிறவியிலேயே அப்படியா என்றால் இல்லை. கல்யாணம் முடிந்து நாட்றம்பள்ளியிலிருந்து புருஷன் வேலுவோடு வந்த அன்று, ஜோலார்பேட்டையில் ரயிலுக்காக அரை நாள் காத்திருந்தார்கள். எல்லாருக்கும் வியர்த்துக் கொட்டியது, அவளுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. புதுப்பெண் கூச்சத்தில் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்து, ஆம்பூரில் விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு நாள், உலை வைக்க உட்கார்ந்தவளுக்கு அந்த ஜோலார்பேட்டை வெயில் வந்து சேர்ந்தது. கூடவே கொஞ்சம் கரிப்புகை வாசமும் வந்தது. அதிலிருந்து எல்லாமே அரை வருஷம் பிந்திதான் வந்தது. வேலுவுக்கு முதலில் பயமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

இருவருக்கும் பாலாற்றங்கரையில் இருந்த ஆபித் பாஷாவின் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. வேலு சுண்ணாம்புக் குழியில் தொடையளவு தண்ணீரில் நின்று தோலைப் புரட்டுகிறவன். சம்பூர்ணம் பின்கொட்டகையில், கொடிகளில் தொங்கும் தோல்களைக் காயக் காயத் திருப்பிப் போடுகிறவள். கோடையில் எல்லாருக்கும் குழி வேலை வேண்டும், மழைக்காலத்தில் யாருக்கும் வேண்டாம். கார்த்திகை மாலையில் வேலு வெளுத்து மரத்துப்போன கால்களோடு வந்து, அவற்றை மனைவியின் முதுகில் வைத்துக்கொண்டு படுப்பான். வைகாசி முழுக்க அங்கே சேர்ந்த சூடு அவன் கால்களுக்கு இறங்கும். ஷாப்புப் பெண்களும் சும்மா இருக்கவில்லை. மழை நாளில் ஈரப் புடவையோடு வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். அவளுக்கு இரண்டு பக்கமும் தொங்கும் தோல்கள் மட்டும் சீக்கிரம் காய்வதைப் பார்த்து, பஞ்சாட்சரம் மேஸ்திரி அவளை வரிசை வரிசையாக நகர்த்தி நிறுத்துவார். ஆனால் வைகாசியில் அவள் நடுங்கும்போது பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஒரு பயனும் கிடையாது. கணப்பு பக்கத்தில் இருப்பவரைச் சூடாக்கும், நடுங்குகிற ஆள் யாரையும் குளிர்விப்பதில்லை. இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

1926 மாசியில் பின்கொட்டகையின் ஓலைக் கூரை தீப்பிடித்து எழுநூறு தோல் கருகியது. ஆபித் பாஷாவின் தகப்பனார் காலத்திலும் ஒருமுறை அப்படி எரிந்திருந்தது. இனி என் தலைமேல் ஓலை ஏறாது என்று சத்தியம் செய்துவிட்டு, ஆபித் பாஷா மதராஸிலிருந்து தகரம் வரவழைத்துக் கூரை போட்டார். நல்ல மனிதர்தான். ஆட்களின் வீட்டில் சாவு விழுந்தால் முதல் ஆளாக வந்து நிற்பவர். ஆனால் அவர் உட்காரும் முன்னறைக்கு ஓடு, தலைக்கு மேலே பங்கா விசிறி. தகரத்தின் கீழே கோடையில் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியாது.

முதல் கோடையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினார்கள். மறுவருஷம் வைகாசி பன்னிரண்டாம் தேதி மத்தியானம் இரண்டரை மணிக்கு எல்லம்மா விழுந்தாள். அவள் சம்பூர்ணத்தின் உயிர்த்தோழி, பத்து வருஷமாகப் பக்கத்து வரிசையில் தோல் திருப்புகிறவள், அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். சம்பூர்ணம் ஓடிப்போய் அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெடவெடவென்று நடுங்கியபடியே, மயங்கிக் கிடந்தவளுக்கு முந்தானையால் விசிறினாள். ஒருவழியாக எல்லம்மா கண் திறந்தாள்.

சாயங்காலம் எல்லாரும் முன்னறைக்குப் போனார்கள். தகரத்துக்கு மேலே ஓலை வேய வேண்டும், வைகாசி முடியும்வரை உச்சி வெயில் நேரம் கொட்டகையில் வேலை கூடாது, இவ்வளவுதான் கேட்டார்கள். ஆபித் பாஷா தாடியைத் தடவிக்கொண்டு, பின்வரிசையில் கம்பளிக்குள் ஒடுங்கி நின்ற சம்பூர்ணத்தைப் பார்த்தார். “அந்தம்மாவும் அதே கொட்டகையிலதானே நிக்குது? அதுக்குக் குளுருதே” என்றார். கார்த்திகையில் அவளுடைய சூட்டை நம்பித் தோல் காயவைத்தவர், வைகாசியில் அவளுடைய குளிரையும் நம்பினார். தனக்குத் தோதானதை மனிதன் எந்த மாதத்திலும் நம்புவான். ஆனாலும் அடியோடு மறுக்க மனம் வராமல், ஷாப்புகளைப் பார்க்கச் சர்க்காரிலிருந்து ஒரு துரை வரப்போவதாகவும், அவர் சொல்கிறபடி செய்வதாகவும் வாக்குக் கொடுத்தார்.

துரை இருபதாம் தேதி வந்தார். கொட்டகை நடுவில் நின்று பையிலிருந்து தர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தார். அது நூற்றுப் பதினாறு டிகிரி காட்டியது. நிமிர்ந்து பார்த்தார். எதிரே ஒரு பெண் கம்பளி போர்த்தி, உதடு நீலம் பாரித்து நின்றாள். தர்மாமீட்டரை உதறினார், தட்டினார், மறுபடி பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். கருவிதான் ரயிலில் அடிபட்டுக் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, தன் முகத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்துக்கொண்டே, இந்தக் கொட்டகையில் குளிர் அதிகம், ஆட்களுக்குக் கணப்பு தேவை என்று எழுதிவிட்டுப் போனார். ஆபித் பாஷா வாக்குத் தவறாதவர். மறுநாளே கொட்டகையில் ஒரு கணப்புச் சட்டி வந்து உட்கார்ந்தது. அதில் நெருப்பு போடாமல் பார்த்துக்கொண்டது பஞ்சாட்சரம் மேஸ்திரியின் புண்ணியம்.

துரை வந்த அன்றைக்கே எல்லம்மா சம்பூர்ணத்தோடு பேச்சை நிறுத்தினாள். நிறுத்துவதற்கு முன் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். “உன் கம்பளியப் பாத்துத்தாண்டி எல்லாம் போச்சு.”

மறுநாள் சம்பூர்ணம் கம்பளி இல்லாமல் வந்தாள். அவள் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் மூன்று வரிசை தள்ளிக் கேட்டது. எல்லம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீட்டில் படுத்துக்கொண்டு சம்பூர்ணம் அழுதாள். பத்து வருஷமாக ஒரே தூக்குச் சட்டியில் பங்கு போட்டுத் தின்ற சோறு அவளுக்குத் தனியாக இறங்கவில்லை. “அவளுக்கு வேர்த்தது எனக்கு வேர்க்கல, அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?” என்று கேட்டாள். வேலு அவள் பக்கம் திரும்பிப் படுத்தான். “உனக்கும் வேர்க்கும். கார்த்திகையில வேர்க்கும்” என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். ஆனால் சம்பூர்ணம் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

அன்று முதல் நாட்களை எண்ண ஆரம்பித்தாள். ஆனி போயிற்று, ஆடிக் காற்று போயிற்று. புரட்டாசியில் எல்லம்மாவுக்குப் பெண் பிறந்து அமிர்தவள்ளி என்று பேர் வைத்தார்கள். சம்பூர்ணம் வாசல்வரை போய், கூப்பிட மாட்டார்களா என்று நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை பதினோராம் தேதி அவள் முன்னறைக்குப் போனாள். ஆபித் பாஷா சால்வைக்குள் சுருண்டு, மூக்கடைத்து உட்கார்ந்திருந்தார்.

“முதலாளி, நாளைக்கு மத்தியானம் ஒரு மணிக்குக் கொட்டகைக்கு வந்து எம் பக்கத்துல உக்காரணும். மூணு மணி வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது.”

குளிர்காய யாராவது கூப்பிட்டால் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. மறுநாள் நாற்காலி போட்டார்கள். வெளியே மழை தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு எல்லம்மாவும் தூரத்தில் வந்து நின்றாள். ஒரு மணிக்குச் சம்பூர்ணத்தின் உடம்பிலிருந்து வைகாசி பன்னிரண்டாம் தேதி எழும்பத் தொடங்கியது. ஆபித் பாஷா முகம் மலர்ந்து சால்வையைக் கழற்றினார். அரை மணியில் கோட்டைக் கழற்றினார். இரண்டு மணிக்குக் குல்லாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் கேட்டார். சொம்பை இரண்டு முறை காலி செய்தார்.

“ஏம்மா, ஜாஸ்தியா இருக்குதே.”

“இன்னும் ஏறும், முதலாளி.”

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். சம்பூர்ணம் நெற்றியில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே, தோலைத் திருப்பியபடி சொன்னாள். “இதே நேரத்துல எல்லம்மா நின்னுக்கினு இருந்தா. வயித்துல புள்ளையோட.” அவர் மறுபடி உட்கார்ந்தார். இரண்டரை மணிக்கு அவர் கண்முன்னே கொட்டகை இருண்டு வந்தது. காதில் ஒரு இரைச்சல் கேட்டது. நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார். சத்தியமாக அவர் மூன்று மணிவரை எழுந்திருக்கவில்லை, அதை ஊர் இன்றுவரை அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்கிறது. மூன்று மணிக்கு, சட்டை உடம்போடு ஒட்டியிருக்க, தலையைத் தூக்கித் தகரத்தைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார். “ஓலை மேல மண்ணு பூசினா நெருப்புப் புடிக்காது, இல்ல?”

எல்லம்மா வந்தாள். மன்னிப்பு, சமாதானம் என்றெல்லாம் எதுவும் பேசவில்லை. குழந்தையைச் சம்பூர்ணத்தின் கையில் கொடுத்து, “புடி. மூத்திரத் துணி ஒண்ணுகூடக் காயல, ஒரே பேஜாரா கீது” என்றாள். சம்பூர்ணத்துக்குக் கண்ணில் நீர் வந்தது. அதுவும் வியர்வையோடு சேர்ந்து போயிற்று.

அடுத்த கோடைக்குள் மண் பூசிய ஓலை ஏறியது. உச்சி நேரத்தில் வேலை நின்றது. எல்லாரும் கூரை நிழலில் தலை சாய்த்துப் படுத்தார்கள். ஆனால் நிழலில் சேர்ந்த சூடு கார்த்திகைக்குப் போதவில்லை. அந்த வருஷம் சம்பூர்ணம் வெதுவெதுப்பாக மட்டும்தான் இருந்தாள். வேலுவின் கால் மரத்தது மரத்தபடியே கிடந்தது, அமிர்தவள்ளி மழை முழுக்க மூக்கு ஒழுகினாள். சம்பூர்ணத்துக்கு அது பொறுக்கவில்லை. மறு வைகாசியிலிருந்து, மற்றவர்கள் படுக்கிற நேரத்தில் அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கிணற்றடிப் பாறைக்குப் போய் வெயிலில் உட்கார்ந்துகொண்டாள். “நெழல்ல வந்து படுடி” என்று எல்லம்மா கத்துவாள். “இது எனக்கில்ல, கார்த்திகைக்கு” என்று இவள் நடுங்கிக்கொண்டே பதில் சொல்வாள். கத்திக் கத்தி அலுத்துப்போன எல்லம்மா, தினமும் அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார விடாமல் கையைப் பிடித்து இழுத்துவருவதை ஒரு வேலையாக வைத்துக்கொண்டாள். ஏழு கோடை இப்படிப் போயிற்று.

1935 ஐப்பசியில் சம்பூர்ணம் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து இறந்தாள். பாலாற்றங்கரையில் புதைத்தார்கள். ஆபித் பாஷா முதல் ஆளாக வந்து நின்றார். வேலு அவளுடைய கம்பளியை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு, அடுப்பு மூட்டாமல் கிடந்தான்.

கார்த்திகை பிறந்து ஐந்தாம் நாள், மழைக்காக ஷாப்பு மூடியிருந்தது. மத்தியானம் கொடியில் கிடந்த கம்பளியிலிருந்து சூடு வர ஆரம்பித்தது. அந்த வைகாசியில் அவள் பாறையில் உட்கார்ந்து வாங்கி வைத்த வெயில், வரவேண்டிய நாளில் வந்து சேர்ந்திருந்தது. வேலு ஆச்சரியப்படவில்லை. கம்பளியை எடுத்துத் தரையில் விரித்து, வெளுத்த கால்களை அதன்மேல் வைத்துக்கொண்டு சற்று நேரம் அழுதான். பிறகு எழுந்து போய் எல்லம்மாவைக் கூப்பிட்டான். அவள் ஈரத்துணி மூட்டையோடும் எட்டு வயது அமிர்தவள்ளியோடும் வந்து, கம்பளியைத் தொட்டுப் பார்த்தாள்.

“அவதான்” என்றாள். துணிகளைச் சுற்றிலும் பரப்பினாள். “கொஞ்சம் தள்ளி உக்காருண்ணா, புள்ள கால நீட்டட்டும்.”

வேலு தள்ளி உட்கார்ந்தான்.