நடுவில் ஒரு வரி இல்லை

மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்துகிறேன், ஒரு வரி வருகிறது, மறுபடி அழுத்துகிறேன், அதற்கு முந்தைய வரி, பைத்தான் என்ற கணினி மொழியின் திரையில் அடித்த கட்டளைகளெல்லாம் இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எழுந்து வரும், இது நேற்று அடித்தது, இது போன வாரத்தது, விடாமல் அழுத்தினால் மதுரையில் அந்த நிலத்தடி நீர் ஆய்வு அறைக்கே போய்விடலாம் போலிருக்கிறது, ஒரே கணினி, ஒரே கடவுச்சொல், ஆய்வு மாணவனான நானும் மரியபுஷ்பம் அக்காவும் மாறி மாறி உட்காருகிறோம், நாற்பது ஊர்க் கிணறுகளின் பதினோரு வருட நீர்மட்டம், தற்காலிக வேலையில் வந்த அக்கா அதைப் பதிந்து சரிபார்க்கிறார், ஒரு கட்டளையை ஏழு தடவை தப்பாக அடிப்பார், எட்டாவது தடவைதான் சரியாக வரும், அந்த ஏழு தப்பையும் எடுத்துருங்கக்கா, அதுக்கும் ஒரு கட்டளை இருக்கு, நான் காட்டுறேன் என்றால், இருக்கட்டும் தம்பி, எங்க தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரிய வேணாமா என்று சிரிக்கிறார். நான் அப்படியில்லை, என் தப்பை அப்போதைக்கப்போதே நீக்கிவிடுவேன், என் வரிகள் எப்போதும் துடைத்து வைத்த மாதிரி இருக்கும், அதில் பெருமை வேறு எனக்கு.

அன்றைக்கு அக்கா சாப்பிடப் போயிருந்தார், புதிதாக எதையோ முயன்று பார்த்த நான் வெற்று அட்டவணை ஒன்றை கிணற்று அளவுகள் இருந்த மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிட்டேன், என்டரைத் தட்டிய பிறகுதான் தெரிந்தது, திறந்து பார்த்தால் ஒரு கிணறுகூட இல்லை, நகல் எடுத்து வைக்க வேண்டியவனும் நானே, எடுக்கவில்லை, கை தானாக அதைச் செய்த அந்த ஒரு வரியை நீக்கியது, பழக்கதோஷம் என்று பல வருடம் சொல்லிக்கொண்டேன், பொய், தெரிந்துதான் நீக்கினேன். மறுநாள் எங்கள் பேராசிரியர் துரைசிங்கம் சார் இதே அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போகிறார், அந்தக் கோப்பைத் தொட்டதாக மிஞ்சியிருப்பவை அக்காவின் வரிகள் மட்டும்தான், ஏழு தப்போடு, என்னம்மா இது, கோழி கெளறுன மாதிரி என்கிறார், நான் தெறந்து பாக்க மட்டுந்தான் செஞ்சேன் சார், தம்பிக்குத் தெரியும், அக்கா என் முகத்தைப் பார்க்கிறார், நான் மின்விசிறியைப் பார்க்கிறேன், எனக்குத் தெரியலக்கா என்கிறேன். அக்காவைத் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

பதினான்கு வருடம் கழித்துப் போன மாதம் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் அக்காதான் என்னை அடையாளம் கண்டார், தலை பாதி நரைத்திருந்தது, எப்பிடி இருக்கீங்க தம்பி, அந்தக் கெணத்து அளவெல்லாம் திரும்பக் கெடச்சுச்சா, நாந்தான் எதையோ அமுக்கித் தொலைச்சுட்டேன் போல, இன்னைக்கு நெனச்சாலும் மனசு கேக்கல என்றார், செய்யாததைச் செய்ததாகவே நம்பிவிட்டார், நம்ப வைத்தவன் எதிரே நிற்கிறேன், இல்லக்கா என்று வாய்வரை வந்தது, கெடச்சுருச்சுக்கா என்றேன், கிடைக்கவேயில்லை, நல்லதாப் போச்சு என்று என் கைப்பேசியில் தன் எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டு உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறினார், கூசிப்போய் நின்றேன்.

இப்போது அந்த வரியை அடிக்கிறேன், ஓர் எழுத்துக்கூட மறக்கவில்லை, கணினி அதைச் செய்துவிடாமலிருக்க முன்னால் ஒரு # போட்டு, கடைசியில் இதை அடித்தவன் நான் என்று சேர்த்து என்டரைத் தட்டுகிறேன், அம்புக்குறியை அழுத்துகிறேன், அதுதான் முதலில் வருகிறது, திரையை மூடித் திறந்து அழுத்துகிறேன், மறுபடி அதுவே வருகிறது, இதை நீக்கப் போவதில்லை. அக்காவின் எண் பக்கத்திலேயே கைப்பேசியில் இருக்கிறது, அதை மட்டும் இன்னும் அழுத்தவில்லை.